ஒன்பதாம் நம்பர் செருப்பு

1

இந்தக் கதை எனக்கு ஒரு செருப்புக் கடையில் கிடைத்தது.

கண்டியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு நாட்டுக்குக் காவல் அதன் படைபலமா, உலகத்தின் நல்லெண்ணமா என்று இருவர் பேசினார்கள். ஓய்வுபெற்ற படை அதிகாரி, "வெளிநாட்டார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நாட்டைக் காக்க முடியாது" என்றார். பேராசிரியர், "நண்பர்கள் இல்லாத நாட்டைப் படையின் துவக்கு மட்டும் காப்பாற்றாது" என்றார். இருவருக்கும் கைதட்டினேன். வெளியே மழை. ஒதுங்கிய கடையில் ஒரு பெண் செருப்பு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன சைஸுங்க?"

"மகன் ஏழு போடுற. ஒம்பது தாங்க."

"வளர்ற புள்ளையா?"

"இல்ல. வளந்து முடிஞ்ச புள்ள."

நான் கேட்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கற்பனை. பொய்யாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'கெலிஓயாவில் அன்று விடியும்போது பனி...' வேண்டாம். பனி யாரையும் கைது செய்வதில்லை.

இரண்டாவது: 'கைபேசியில் எதையோ பகிர்ந்தான் என்று, பாயிஸாவின் மகன் நஸீபை நாட்டின் பாதுகாப்புக்காகக் கொண்டுபோனார்கள்.' இது இருக்கட்டும்.

அவனைப் பார்க்க விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சாப்பாட்டையும் உடுப்பையும் மட்டும் முகாம் வாசலில் வாங்கிக்கொள்வார்கள். சோற்றுக்குள் ஏதும் ஒளித்திருக்கிறதா என்று கிளறிப் பார்ப்பது அங்கே சட்டம். அந்த வாசலில் நின்ற இளம் சிப்பாய், கிளறுவதற்கு முன் போத்தல் தண்ணீரில் கை கழுவுவான்.

[இவனை நம்புகிறீர்களா? எழுதி எழுதி வெட்டினேன். நல்ல சிப்பாயை எழுதினால் படைக்கு வெள்ளையடிக்கிறேன் என்பார்கள். கெட்டவனாக எழுதுவது சுலபம். ஆனால் அந்தச் செருப்புக்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. கை கழுவுகிறவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.]

ஒரு வெள்ளிக்கிழமை அவன் நிமிராமல், சோற்றைக் கிளறியபடியே சிங்களம் கலந்த தமிழில் சொன்னான்: "அம்மே, மத்த தடவை லொக்கு செரெப்பு. பெருசு."

திரும்பி வரும் பஸ்ஸில்தான் பாயிஸாவுக்கு விளங்கியது. மகனின் பாதங்கள் வீங்கியிருக்கின்றன. பாதங்கள் தாமாக வீங்குவதில்லை.

3

பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்தது, கைதானவர்களின் வீட்டாரைக் கேட்டு அறிக்கை எழுத. அறிக்கை கடுமையாக இருந்தால் அரசாங்கம் சிலரையாவது விடும் என்று பாயிஸாவின் தம்பி ஹுதைபா நம்பினான்.

"தாத்தா,* கால் வீங்கின கதைய கட்டாயம் செல்லுங்க. இல்லாட்டி நம்மட ஃபைல் அடியில போகும்."

"எப்பிடித் தெரியும்னு கேட்டா?"

"வாசல்ல நிக்கிறவன் சென்னான்னு செல்லுங்க."

"அவன்ட கதி?"

"அவனுக்கு ஆமி ஈக்கி. நஸீபுக்கு ஆரு ஈக்கி?"

"கை கழுவிட்டுத்தான் அவன் என்ட மகன்ட சோத்தத் தொட்ட."

"அப்ப மெடல் ஒண்டு குடுங்க! புள்ள உள்ளுக்குக் கிடக்கான், இவ சிப்பாய்க்கு துஆ கேக்கிற."

"ரெண்டு பேருக்கும் கேக்கிறன்டா. அல்லாஹ்ட்ட கேக்கவும் பாஸ் வேணுமா?"

* அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். 'செல்லுங்க' என்றால் சொல்லுங்கள், 'ஈக்கி' என்றால் இருக்கிறது, 'ஆமி' என்றால் ராணுவம்.

4

ஹோட்டல் அறை. ஜன்னலில் வாவி. மொழிபெயர்க்க வந்தவள் பரிமளம் என்ற புசல்லாவை ஊர்ப் பெண்.

"மகன்ட ரெண்டு காலும் வீங்கீக்கி" என்றாள் பாயிஸா. குழுவுக்காக எழுதிக்கொண்டிருந்த வெள்ளைக்காரி நிமிர்ந்தாள். ஏதோ கேட்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்குறாங்கம்மா" என்றாள் பரிமளம். "பார்த்தவங்க யாரு, அங்க என்ன வேலை செய்றவங்கன்னு சொல்லணுமாம். இல்லேன்னா இதைச் சேர்க்க முடியாதாம். பேரு வெளியே போகாதுன்னு சொல்றாங்க."

"நீங்க அத நம்புறீங்களா மகள்?"

அந்தக் கேள்வியைப் பரிமளம் மொழிபெயர்க்கவில்லை.

5

ஒரு முடிவு: பாயிஸா சொல்லிவிடுகிறாள். அறிக்கை உலகைச் சுற்றுகிறது. நஸீப் தாங்கித் தாங்கி நடந்து வீடு வருகிறான். வாசலில் இப்போது வேறொரு சிப்பாய். வேறு தாய்மாரின் சோற்றைக் கை கழுவாமல் கிளறுகிறான். முன்னவன் எங்கே என்று யாரும் அறிக்கை எழுதவில்லை.

இன்னொன்று: கனவில் கண்டதாகச் சொல்கிறாள். பேனா மூடப்படுகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை அதே சிப்பாய் கை கழுவிவிட்டு, நிமிராமல் சொல்கிறான்: "அம்மே, இன்னும் பெருசு."

மூன்றாவது: கூட்டத்தில் பேசிய அதிகாரியும் பேராசிரியரும் அறைக்குள் நுழைந்து... இல்லை. அவர்கள் அங்கே வரவில்லை.

பாரத்தை ஆண்டவன்மேல் போட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் தன் இரக்கத்தை அவன் மனிதர் கைகளில்தான் கொடுத்து அனுப்புகிறான் என்று நம்புகிறவன் நான். அப்படி வந்த ஒரு கையைக் காட்டிக்கொடுத்தால்தான் மகன் பிழைப்பான் என்று ஒரு தாயிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாதே என்று சொல்லவும் வரவில்லை.

பாயிஸா மடியிலிருக்கும் பையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அதற்குள் செருப்பு. பேனா திறந்தபடி இருக்கிறது. அவள் சொல்லப்போகும் அடுத்த வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன்.

எழுதுவதற்கு முன், தயவுசெய்து, கை கழுவிக்கொள்ளுங்கள்.