பஸ்ரியன் தவறவிட்ட பந்துகள்

தலைமன்னார் பியர் இறங்குதுறையின் ரயில்வே அணியிடம் கூடைப்பந்தில் முப்பத்தொன்றுக்குப் பன்னிரண்டு என்று தோற்ற அன்றுதான் கிறகரி மாஸ்டருக்குச் சந்தேகம் முளைத்தது. இடைவேளைக்குப் பிறகு கணுக்கால் பிசகிவிட்டதென்று நொண்டிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தான் கப்டன் பஸ்ரியன். அவனுக்குப் பதிலாக, ஓரத்து வாங்குப் பலகையில் காத்திருந்த கீழ்வகுப்புச் சின்னவர்களில் ஒருவனையும் இறக்க மாஸ்டருக்கு மனம் வரவில்லை. நாலு பேரோடேயே ஆட்டத்தை முடித்தார். ஆனால் அரை மணித்தியாலம் கழித்து, மன்னாருக்குப் போகும் ரயிலைப் பிடிக்க அதே பஸ்ரியன் மேடையில் ஓட்டமாய் ஓடினான். எந்தக் காலிலும் நொண்டல் இல்லை.

ஓடுவதற்கு முன் அவன் பியர் அணியின் பயிற்சியாளர் கொன்ஸ்ரன்ரைனோடு தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்று ஏதோ பேசியதையும் மாஸ்டர் கண்டிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது கணுக்கால் பிசகியது நடிப்பு என்று அவருக்குப் பட்டது.

அது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் வருடம். மன்னார் நகரில் பாதிரிமார் நடத்திய ஆண்கள் பள்ளியொன்றில் கிறகரி தேகாப்பியாச ஆசிரியர். பள்ளியில் கூடைப்பந்து தொடங்கி நாலு வருடம். முதல் இரண்டு வருடமும் அவருடைய அணியை அடிக்க ஆளில்லை. அந்தப் பையன்கள் படிப்பு முடித்துப் போனபின் மிஞ்சியவன் பேசாலைப் பஸ்ரியன் ஒருவன்தான். இந்த வருடம் ஆறு ஆட்டம் நடந்து ஆறிலும் தோல்வி. ஏன் என்று எழுத்தில் விளக்கம் தரும்படி பள்ளியின் தலைமைப் பாதிரியாரான அதிபர் சுவாமி கேட்டிருந்தார்.

ரயிலில் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் ஆட்டமாக நினைத்துப் பார்த்தார். முருங்கன் ஊரில் நடந்த ஆட்டத்தில் பஸ்ரியன் கூடைக்கு நேர் கீழே நின்று தவறவிட்ட இரண்டு பந்துகள். அதற்கு முந்தின ஆட்டத்தில் காரணமில்லாமல் எதிராளியைத் தள்ளிச் செய்த பவுல்கள். எல்லாம் இப்போது வேறு மாதிரித் தெரிந்தன.

திங்கட்கிழமை இன்னொன்று அகப்பட்டது. எருக்கலம்பிட்டியிலிருந்து நடந்து வரும் சின்னவன் சனூனின் பையிலிருந்து ஒரு பந்து உருண்டு விழுந்தது. ஒட்டுப்போட்டுத் தைத்த பழைய தோல் பந்து. பள்ளிப் பந்து அல்ல. மாஸ்டர் பார்ப்பதற்குள் பையன் அதை மேசைக்குக் கீழே காலால் தள்ளிவிட்டான். அணியின் இன்னொரு சின்னவனான, விடுதியில் தங்கிப் படிக்கும் அடம்பன் பையன் நவரத்தினத்தை மாஸ்டர் தனியாகக் கூப்பிட்டார்.

"விடியக்காலமை விடுதியிலை உன்ரை பாய் வெறுமையாய்க் கிடக்காம். எங்கை போறனி?"

"குளிக்கப் போறனான் மாஸ்டர்."

"குளிச்ச தலை இப்பிடிக் காஞ்சு புழுதியாய்க் கிடக்குமோ?"

நவரத்தினம் தலையைத் தடவி, கையில் ஒட்டிய புழுதியைக் காற்சட்டையில் துடைத்தான். மாஸ்டருக்கு அது போதும். அன்றைக்கே விளக்கக் கடிதத்தை எழுதி அதிபரின் கந்தோர் அறையில் கொடுத்தார். பஸ்ரியன் எதிரணியோடு உறவு வைத்து வேண்டுமென்றே தோற்கிறான், சின்னவர்களையும் கெடுக்கிறான், அவனையும் அவர்களில் சனூன், நவரத்தினம் இருவரையும் அணியிலிருந்து நீக்கவேண்டும் என்பது கடிதத்தின் சாரம். கையெழுத்துப் போடும்போது பேனா தயங்கவில்லை.

ஆதாரத்தையும் கையோடு பிடித்துக் கொடுத்துவிடலாமென்று மறுநாள் விடிய எழும்பினார். விடுதி வாசல் படலையைத் தாண்டிப் போன பையன்களைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு தூரத்தில் தொடர்ந்தார். அவர்கள் கோட்டை மதிலைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் வற்றி இறுகிக் கிடந்த உப்பு நிலத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு பனங்குற்றியை நட்டு அதில் பீப்பா வளையம் அடித்திருந்தது. அணியின் எட்டுச் சின்னவர்களும் நின்றார்கள். வழியிலுள்ள பள்ளிவாசலில் விடியற்காலைச் சுபஹு தொழுகை முடித்து வந்திருந்த சனூன் தொப்பியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். நடுவில் பஸ்ரியன்.

"முதலிலை காலை ஊண்டு. பிறகு திரும்படா. ரண்டையும் ஒண்டாய்ச் செய்தால் விழுவாய்."

சனூன் காலை ஊன்றித் திரும்பி இடது கையால் எறிந்தான். பந்து வளையத்துக்குள் விழுந்தது. திரும்பவும் எறிந்தான், திரும்பவும் விழுந்தது. மதிலோடு ஒட்டி நின்ற மாஸ்டர் அப்போதும், பியர் அணியின் ஆட்டத்தை இவன் எங்கள் பையன்களுக்குள் புகுத்துகிறான் என்றே நினைத்தார்.

"கால் சுகமோ பஸ்ரியன்?" என்று கேட்டபடி வெளியே வந்தார்.

பையன்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். "சுகம் மாஸ்டர்," என்றான் பஸ்ரியன்.

"பியரிலை?"

பஸ்ரியன் அந்தக் காலை நிலத்தில் ஊன்றிக் காட்டினான். "அண்டைக்கும் சுகந்தான்."

"அப்ப முருங்கனிலையும் வேணுமெண்டுதான் விட்டனி. கொன்ஸ்ரன்ரைன் உனக்கு என்ன தந்தவன்?"

"இந்தப் பந்து. அவையள் பழசெண்டு எறிய வைச்சிருந்தது. சின்னப் பெடியளுக்குக் கால் வைக்கிறது எப்பிடிப் பழக்கிறதெண்டு நான்தான் அவரிட்டைக் கேட்டனான்."

"எதிராளியிட்டையோ கேக்கிறது? நான் செத்துப் போட்டனோ?"

"உங்களிட்டைத்தான் முதல் கேட்டனான் மாஸ்டர். தை மாதம். 'நீ விளையாடு, அவங்கள் வாங்கிலை இருந்து பாத்துப் பழகட்டும்' எண்டு சொன்னீங்கள்."

மாஸ்டருக்கு அது நினைவிருந்தது.

"மார்கழியோடை படிப்பு முடிஞ்சு நான் போயிடுவன்," என்றான் பஸ்ரியன். "பிறகு ஆர் விளையாடுறது? நான் பிழை விட்டால் இவங்களிலை ஒருத்தனை எண்டாலும் இறக்குவியள் எண்டு பாத்தன். நீங்கள் இறக்கேல்லை. பியரிலை நான் வெளியிலை வந்தும் நாலு பேரோடை விளையாடினீங்கள்."

"வேணுமெண்டு தோக்கிறது துரோகம், தெரியுமோ?"

"ஓம் மாஸ்டர். பிழைதான்."

மாஸ்டர் சனூன் பக்கம் திரும்பினார். "இடக்கையாலை எறிய ஆர் பழக்கினது?"

"ஒருத்தரும் இல்லை மாஸ்டர். என்ரை கை அதுதான். நீங்கள்தான் வலக்கையாலை எறியச் சொன்னீங்கள். எனக்கு வரேல்லை. பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை."

பள்ளிக்குத் திரும்பும் வழியெல்லாம் மாஸ்டர் நம்பவில்லை. பையன்கள் கூடிப் பேசி வைத்த கதையாக இருக்கும் என்றே மனம் சொன்னது. தன்னுடைய பயிற்சிக் குறிப்புக் கொப்பியைத் திறந்து, இவர்களைப் பற்றித் தான் எழுதியதைக் கொண்டே மடக்கலாமென்று தேடினார். எட்டுப் பேரின் பெயர்களுக்கு நேரே இரண்டு வருடமாக எழுதியிருந்தது இவ்வளவுதான்: பிந்தி வந்தான், சேட்டு அழுக்கு, கதைத்தான். யாருக்கு எந்தக் கை, யார் வேகம், யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்தது என்று ஒரு வரிகூட இல்லை. அவர் கதிரையிலிருந்து எழும்பி நேரே அதிபரின் கந்தோருக்குப் போனார்.

கடிதம் அதிபர் சுவாமியின் மேசையில் விரித்தபடி கிடந்தது. கிறகரி நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். சுவாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேற்று ஒரு கடிதம், இண்டைக்கு ஒரு கதை. எதை நம்புறது மாஸ்டர்? பெடியள் உங்களை வெருட்டினவங்களோ?"

"இல்லைச் சுவாமி. தோத்ததுக்குக் காரணம் கேட்டனீங்கள். நான்தான் காரணம். இருக்கிற வீரனை வைச்சு வெல்லப் பாத்தன். வாற வருசத்துக்கு ஒருத்தனையும் ஆக்கேல்லை."

சுவாமி கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். நடித்ததற்காகப் பஸ்ரியனை அடுத்த ஆட்டத்தில் இறக்கக்கூடாது என்றார். மாஸ்டருக்கும் தீர்ப்பு இருந்தது. சனிக்கிழமைதோறும் ஒரு பையனைக் கூட்டிவந்து, அந்தக் கிழமை முழுதும் அவனுக்கு என்ன பழக்கினார் என்று செய்து காட்டவேண்டும். "காட்ட முடியாட்டி, வாற வருசம் வேறை ஆளைப் பாப்பம்."

அடுத்த ஆட்டம் கச்சேரி என்ற அரச அலுவலகத்துக் கிளாக்கர்மாரோடு. ஐந்து பேரில் மூன்று பேர் சின்னவர்கள். பஸ்ரியன் வாங்கில் மாஸ்டருக்குப் பக்கத்தில் இருந்தான். தொடங்கியதும் நவரத்தினம் கைக்கு வந்த பந்தை நழுவ விட்டான். மாஸ்டருக்குள் பழைய சந்தேகம் பாம்புபோலத் தலை தூக்கியது. சட்டென்று பஸ்ரியனின் முகத்தைப் பார்த்தார்.

"பயத்திலை கை வேர்த்திட்டுது மாஸ்டர்," என்றான் அவன் மெதுவாக. "வேறை ஒண்டும் இல்லை."

மாஸ்டர் நவரத்தினத்தை வெளியே எடுக்கவில்லை. இடைவேளையில் அவனுடைய உள்ளங்கைகளைத் தன் சால்வையால் துடைத்துவிட்டு, பந்தை விரல் நுனியால் வாங்கிக் காட்டினார். சனூன் இடக்கையால் மூன்று தடவை கூடைக்குள் போட்டான். பத்தொன்பதுக்குப் பதினாலு என்று தோற்றார்கள். ஏழாவது தோல்வி.

மறுநாள் விடியக்காலையில் மாஸ்டர் கோட்டை மதிலடிக்குப் போனபோது பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். எதை வேவு பார்க்க வந்திருக்கிறாரோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் அவரிடம் பந்தை எறியவில்லை. அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வளையத்துக்குக் கீழே போய் நின்றார். விழுந்த பந்தைப் பொறுக்கி, எறிந்தவனிடமே திருப்பிக் கொடுத்தார். பள்ளி மணி அடிக்கும் வரை அதையே செய்துகொண்டிருந்தார்.