மடங்காத சீட்டு

லாரியிலிருந்து விழுந்தேன் என்றால் எல்லாரும் ஓடுகிற லாரி என்றே நினைக்கிறார்கள். நின்ற லாரி. இன்ஜினைக்கூட அணைத்திருந்தேன். பத்தொன்பது வருடம் மலைப்பாதையிலும் மழையிலும் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவன், கிடங்கு வாசலில் கேபினின் கடைசிப் படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வாசலில் சரக்குச் சீட்டு வாங்குகிற குமாஸ்தாவுக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. சீட்டில் ஒரு மடிப்பு இருந்தாலும் வாங்கமாட்டார், மெஷின் படிக்காதாம். சரக்கு ஏற்றிய இடத்துக்கே திரும்பப் போய் வேறு சீட்டு எடுத்துவர அரை நாள் காலி. அதனால் சட்டைப்பையில் செருகாமல், ஒரு கையில் சீட்டை ஏந்திக்கொண்டு, மறு கையால் மட்டும் கம்பியைப் பிடித்து இறங்குவோம். எல்லா டிரைவர்களும் அப்படித்தான்.

ஆறு வாரம் கழித்து அதே வாசலுக்கு விசாரிக்க வந்த பாதுகாப்பு அதிகாரி, ‘டிரைவரின் கவனக்குறைவு’ என்று படிவத்தில் முன்பே எழுதி வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டால் இனி எனக்கு லாரி கிடையாது, கிடங்குக்குள் தள்ளுவண்டிதான். அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லித்தான் காலையில் மனைவி ஊன்றுகோல் இரண்டையும் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

சீட்டு விஷயத்தை மூன்று தடவை சொன்னேன். இரண்டு கையாலும் பிடித்து இறங்கச் சொல்லி சுவரிலேயே எழுதியிருக்கிறதே என்றார், மூன்று தடவையும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே நின்ற லாரியைக் காட்டி, நீங்களே ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள் என்றேன்.

ஏறினார். உள்ளே உட்கார்ந்து ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு ஒரு கையில் என் படிவத்தைக் கசங்காமல் பிடித்தபடி, மறு கையால் கம்பியைத் தொட்டும் தொடாமலும், கடைசிப் படியை விட்டுவிட்டுக் குதித்தார். ஒன்றும் ஆகவில்லை.

“பாத்தீங்களா? நான் விழலையே” என்றார், பேன்ட்டைத் தட்டிக்கொண்டே.

“நானும் பத்தொன்பது வருஷம் இப்படித்தான் சார் விழாம இறங்கினேன்.”

அவர் தன் கையைப் பார்த்தார். படிவம் இன்னும் அதில்தான் இருந்தது. எழுதியதை இப்போதாவது அடித்துவிடுவார் என்று காத்திருந்தேன். அதற்குள் இஸ்திரி அடுத்த வண்டியைக் கூப்பிட, அதன் டிரைவர் சீட்டை ஏந்திக்கொண்டு ஒற்றைக் கையால் இறங்கினார். அதிகாரி அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு, இங்கே கையெழுத்து என்று படிவத்தையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

பேனாவை வாங்கவில்லை. படிவத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“மடிச்சா செல்லாதுங்க” என்றார் அதிகாரி.

இரண்டு கையாலும் ஊன்றுகோல்களைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.