நேர்ந்துவிட்ட முடி

தீனாவின் தலைமுடியை ஒரே சமயத்தில் இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினார்கள். ஒருவர் இயக்குநர் ஜெயவேல். இன்னொருவர் பெரியபாளையத்து அம்மன். முறைப்படி பார்த்தால் அம்மனுக்குத்தான் முதல் உரிமை.

தீனா ஏழு வருஷமாக சினிமாவில் இருந்தான். இருந்தான் என்றால், அடி வாங்கிக்கொண்டு இருந்தான். எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. கூப்பிட்டபோதெல்லாம் லீவு போட்டுவிட்டுப் போய், வில்லனுக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக நிற்பான். கதாநாயகன் கையை ஓங்கியதும் காய்கறி வண்டிமேல் போய் விழுவான். கறுத்த உடம்பு, தோள்வரை முடி, வாயைத் திறந்தால் ராயபுரம். அவனைப் பார்த்த மாத்திரத்தில் எல்லா இயக்குநர்களுக்கும் அரிவாள்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஏழு வருஷத்தில் அவன் பேசிய வசனம் மொத்தம் பதினொன்று. அதில் நாலு, வெறும் "அண்ணே."

அவன் அம்மா குப்பம்மா கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். மகன் படம் எது வந்தாலும் முதல் நாளே போய்விடுவாள். அவன் விழும் வரை பார்ப்பாள். விழுந்ததும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிடுவாள்.

"மீதிப் படம் எனக்கு எதுக்கு? எம்புள்ளைய அடிச்சவன் ஜெயிச்சா இன்னா, தோத்தா இன்னா?" என்பாள்.

போன தை மாதம், ஜெயவேல் எடுக்கப்போகும் சரித்திரப் படத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு தீனா கிளம்பினான். துறைமுகம் கட்டுவதற்கு முந்தைய காலத்துக் கதை. அப்போதெல்லாம் கப்பல் தள்ளிக் கடலில்தான் நிற்கும். அலையைத் தாண்டிப் படகு வலித்துப்போய்ச் சரக்கை இறக்கி வருவார்கள். அந்தப் படகுக்காரர்களில் ஒருவன், துரையை எதிர்த்துத் துடுப்பைக் கீழே போட்ட முத்தையன்தான் கதாநாயகன். ஆள் கற்பனைதான். மகன் தெருமுனை திரும்புவதற்குள் குப்பம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, பெரியபாளையம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"தாயே, இந்த வேசம் மட்டும் எம்புள்ளைக்குக் கெடச்சிடட்டும். வர்ற ஆடி முடியறதுக்குள்ள அவன இட்டாந்து உன் முன்னால மொட்ட போட்டுடறேன்."

கிடைத்தது. ஏதோ ஒரு மூலையில் நிற்கிற வேடமல்ல, முத்தையனே கிடைத்தான். ஆனால் எதனால் கிடைத்தான்? நூறு பேர் வந்துபோன அறையில், ஜெயவேல் இவன் முடியைப் பார்த்துத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"விக்கு வேண்டாம். இதே தலை. நான் சொல்ற வரைக்கும் இதுல கத்திரி படக்கூடாது" என்றார். அதை ஒப்பந்தத்திலும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அம்மன் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். கொடுத்ததே காணிக்கைக்குக் குறுக்கே வந்து நின்றது.

ஆனி மாதத்தில் படப்பிடிப்பு முடிந்துவிடும் என்றார்கள். சினிமாக்காரர்கள் சொன்ன தேதியில் எதை முடித்திருக்கிறார்கள்? ஆடி பிறந்துவிட்டது. குப்பம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்தின்முன் வைத்து, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்படி அம்மனிடம் கேட்டுக்கொண்டாள். கேட்டாளே தவிர நிம்மதி இல்லை. ஆடிக்காற்றில் கடற்கரை செட்டின் கூரை பிய்த்துக்கொண்டு போனது. மறுநாள் படகிலிருந்து குதிக்கையில் தீனாவுக்குக் கணுக்கால் பிசகியது. உடனே போன் வந்தது.

"காலு சுளுக்கிக்கிச்சாமே, நைனா?"

"அலையில வழுக்கிடுச்சிம்மா. கட்டு போட்டுக்கீறாங்க. ஒண்ணுமில்ல."

"வழுக்கலடா. அவ தள்ளி வுட்டுக்கீறா. மொத தபான்றதால சுளுக்கோட வுட்டா."

தீனா சிரித்தான். சிரிப்பு வெகுநேரம் நிற்கவில்லை. அம்மா இரண்டு வேளைச் சோற்றை ஒரு வேளையாக்கிவிட்டாள் என்று பக்கத்து வீட்டுப் பூவம்மா சொல்லியிருந்தாள். முடியை எடுத்தால் ஏழு வருஷம் காத்திருந்து வந்த வேடம் போய்விடும். எடுக்காவிட்டால், அவன் தும்மினால்கூட அம்மாவுக்கு ஈரக்குலை நடுங்கும், ஆயுசு முழுக்க. இரண்டில் எதைத் தாங்குவது என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ஆடி முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, எண்ணூருக்கு அப்பால் ஒரு காலி யார்டில் சிறைச்சாலை செட் போட்டார்கள். கடைசிக் காட்சிகள் மட்டும்தான் பாக்கி: முத்தையன் சிறையில் அடைபடுவது, பிறகு கப்பலேற்றி நாடு கடத்தப்படுவது. கப்பல் மேல்தளத்தில் முடி காற்றில் பறக்க அவன் நிற்பதுபோல போஸ்டர்கூட வரைந்துவிட்டார்கள். தேநீர் இடைவேளையில் தீனா மெல்ல இயக்குநரிடம் போனான். வேண்டுதல் என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு வழியாக நுழைந்தான்.

"சார், அந்தக் காலத்து ஜெயில்ல கைதிக்கு மொட்ட அடிப்பாங்கல்ல?"

ஜெயவேல் பதில் சொல்லுமுன் உதவி இயக்குநர் சினேகா குறுக்கிட்டாள். படத்துக்காக ஆறு மாதம் பழைய காகிதங்களைப் புரட்டியவள்.

"அடிப்பாங்க சார். நான் ஆரம்பத்துலயே சொன்னேன். போஸ்டர் கெட்டுடும்னு நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க."

ஜெயவேல் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். தீனாவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, எடுப்போம். ஆனா ஒரே டேக். தப்பாச்சுன்னா முடியைத் திரும்ப ஒட்டவெக்க முடியாது, தெரியுதா? முத்தையன் பணியக்கூடாது. கத்தி தலையில படும்போது கண்ணு சிமிட்டாம அந்த ஜெயிலரை முறைக்கணும். முறைப்புதான் சீன். அது இல்லேன்னா படமே படுத்துடும்."

தீனா அம்மாவுக்குப் போன் போட்டான். முடியை வாங்கிக்கொண்டுபோய் கோயிலில் சேர்த்துவிடச் சொன்னான்.

"அவ முன்னால போடாத மொட்ட ஒரு மொட்டையாடா?" என்று குப்பம்மா எகிறினாள். பிறகு அவளே இறங்கி வந்தாள். "அங்கயே இறக்கு, நான் நேரா அவ கால்ல கொட்டிடறேன். ஆனா எதுருல நான் நிக்கணும். சொல்லிட்டேன்."

இரண்டாம் நாள் காலை, தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, வேப்பிலையும் மஞ்சள் துணியுமாக வந்து இறங்கினாள். சினேகா அவளைப் பார்த்தாள், தீனாவைப் பார்த்தாள், விஷயத்தைப் புரிந்துகொண்டாள். ஒன்றும் கேட்காமல், குப்பம்மாவைக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்தி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

சிறை நாவிதனாக வேஷம் கட்டி வந்தவர் கோதண்டம். திருவொற்றியூரில் நிஜமாகவே சலூன் வைத்திருப்பவர். கைகால் சங்கிலியோடு தீனா தரையில் உட்கார்ந்தான். இடது பக்கம் ஜெயிலர். கேமரா ஓடத் தொடங்கியது.

தீனா முறைத்தான். சொன்னபடியே முறைத்தான். கோதண்டம் சொம்புத் தண்ணீரை உச்சந்தலையில் ஊற்றினார். கத்தி பட்டது. பெரியபாளையத்தில் மூன்று மொட்டை கண்ட தலை அது. ஈரத் தலையில் கத்தியின் அந்தச் சரசரப்பும் எங்கிருந்தோ வந்த வேப்பிலை வாசமும் சேர்ந்ததும், முத்தையன் எங்கோ போய்விட்டான். தீனாவின் கண் தானாக நேரே திரும்பியது. கேமராவுக்குப் பின்னால் குப்பம்மா கைகூப்பி நின்றாள். அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சங்கிலி குலுங்க அவன் கைகளும் எழுந்து குவிந்தன. சின்னப் பிள்ளையில் செய்த பழக்கம்; யாரைக் கேட்டுக்கொண்டு வரும்? முழு முடியும் மடியில் விழுந்து முடிகிற வரைக்கும் அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் நிறைந்து வழிந்தது.

"கட்."

அப்போதுதான் தான் செய்தது அவனுக்கு உறைத்தது. துரையை எதிர்த்த முத்தையன், கோயில் வாசலில் உட்கார்ந்த பிள்ளைபோலக் கும்பிட்டுவிட்டான். ஜெயவேல் எழுந்து போய்க் காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

குப்பம்மாவுக்கு இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. ஒரு முடி விடாமல் பொறுக்கி மஞ்சள் துணியில் முடிந்துகொண்டாள். இடுப்பிலிருந்து சந்தனப் பொட்டலத்தை எடுத்துக் குழைத்து, மகன் தலை முழுக்க அப்பிவிட்டாள். மேக்கப்காரர் ஐயையோ என்று ஓடிவந்தார்.

"இனிமே உனக்கு ஒண்ணும் ஆவாது, நைனா" என்று சொல்லிவிட்டு, பெரியபாளையத்துக்கு பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

அவள் அன்று ராத்திரி இரண்டு வேளைச் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டாள். அவனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. படம் முடிந்து யார்டு வேலைக்குத் திரும்பியவன், ஒருநாள் மனசு கேட்காமல் சினேகாவுக்குப் போன் பண்ணினான்.

"அந்த ஷாட்டை சார் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார்" என்றாள் அவள். வெட்டித் தள்ளப்போகிறார், அதற்குத்தான் என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான்.

கார்த்திகையில் படம் வெளிவந்தது. திருவொற்றியூரில் ஒரு தியேட்டரில் குப்பம்மாவும் பூவம்மாவும் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள். ஓரங்குல முடியைத் தொப்பியில் மறைத்துக்கொண்டு தீனா அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தான். இடைவேளைவரை ஒரே விசில். சிறைக் காட்சி வந்தபோது தியேட்டர் அடங்கியது. ஜெயவேல் ஒரு இடத்திலும் வெட்டவில்லை. இசையும் வைக்கவில்லை. தண்ணீர் விழும் சத்தம், கத்தியின் சத்தம், சங்கிலி. திரை நிறைய அந்த முகம், அந்தக் கும்பிடு.

முன்வரிசையில் யாரோ விம்மினார்கள். தீனா சுற்றிலும் பார்த்தான். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சொந்த சனங்களைப் பார்த்து முத்தையன் விடைபெற்ற கும்பிடு அது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. அது தான் யோசித்து வைத்த காட்சி என்று ஜெயவேலும் பேட்டி கொடுத்தார். கொடுக்கட்டும்.

பூவம்மா மூக்கை உறிஞ்சினாள். "பாருக்கா, நம்மளப் பாத்தே கும்புடறான்."

"உன்ன இல்லடி" என்று குப்பம்மா அவள் கையைத் தட்டினாள். "என்னப் பாக்குறான். அங்க நாந்தான் நின்னுகினு இருந்தேன்."

கப்பல் சின்னதாகிக் கடலில் மறைந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. முதல் பெயர் தீனாவுடையது. சனம் எழுந்து நின்று கை தட்டியது. பூவம்மாவும் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்தாள்.

"வா போலாம். படம் முடிஞ்சிச்சு."

குப்பம்மா அசையவில்லை.

"இருடி," என்றாள். "எம்புள்ள இன்னும் வுழல."