முடியட்டும் சார்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கார் ஷோரூமில், ஓசிக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது. கதை தேடிப் போகவில்லை. என் அத்தான், அக்காவின் கணவர், பழைய காரைத் தள்ளிவிட்டு வேறொன்று பார்க்கக் கிளம்பினார். "சும்மா கூட வா. விஷயம் தெரிஞ்ச ஆள் மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு நின்னா போதும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதுதான். இப்போது வருகிற பேட்டரி வண்டிகளில் அதிலும் சந்தேகம்.

அங்கே ஓர் அம்மாள் ஒரு காருக்குள் உட்கார்ந்தார். இன்னும் எழுந்திருக்கவில்லை. கதை அவ்வளவுதான்.

(அவ்வளவுதானா என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொள்வேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"கருநீல நிறத்தில், பாயக் காத்திருக்கும் சிறுத்தையைப் போல அந்தக் கார் மினுமினு—"

அடித்துவிட்டேன். விளம்பரம் எழுதுகிறவர்களின் பிழைப்பில் நான் எதற்கு மண்ணைப் போட வேண்டும்? அடுத்து இப்படி:

"அவர் தன் மனைவியிடம் வாழ்நாளில் ஒருமுறைகூட 'வேண்டாம்' என்று சொன்னதில்லை."

இது நிற்கட்டும். ஏனென்றால் இது உண்மை, அந்த அம்மாளே சொன்னது. ஷோரூம் சோபாவில் எனக்கு அடுத்து உட்கார்ந்து, டை கட்டிய விற்பனையாளரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுக்காரருக்கு எங்க ஸ்டாஃப் ரூம்ல பேரே முடியட்டும் சார்தான். இந்த மாதிரி கார் ஒண்ணு வாங்கலாமான்னு எப்பக் கேட்டாலும், 'வாங்கலாம்மா, இது மட்டும் முடியட்டும்'பாரு. கடை லோன் முடியட்டும். பொண்ணு படிப்பு முடியட்டும். மாடி கட்டி முடியட்டும். ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு வந்து நின்னுடும்."

பக்கத்தில் இருந்த கணவரும் சிரித்தார். தன்னைப் பற்றிய பழைய ஜோக்குக்குச் சிரிக்கும் சிரிப்பு.

"இப்ப எல்லாம் முடிஞ்சாச்சு" என்றார் அவர்.

"ஆமா. என் முட்டியும் முடிஞ்சாச்சு" என்றார் அந்த அம்மாள்.*

* இந்த வார்த்தையைப் பற்றி ஒரு வார்த்தை. வேலை தீர்ந்தாலும் நாம் 'முடிந்தது' என்கிறோம். உடம்புக்கு இயலாவிட்டாலும் 'முடியவில்லை' என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த மகானுபாவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். என் தலையில்தான் விடிந்தது.

3

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மாள் விளையாட்டு ஆசிரியை. சாவிக்கொத்தில் ஒரு விசில் தொங்கியது, அதனால் விசில் டீச்சர் என்று வைத்துக்கொள்வோம். இளமையில் தடை தாண்டி ஓடியவராம். பிறகு பிள்ளைகளை ஓடவிட்டு, தானும் கூடவே ஓடி, வெயிலில் நின்று நின்று முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. கணவருக்குக் கண்ணாடிக்கடை. இதை நான் கற்பனை செய்யவில்லை. என் முகத்தையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்க, உங்க கண்ணாடி சாஞ்சிருக்கு. குடுங்க" என்று வாங்கி, காம்பை மெல்ல வளைத்து, திரும்ப என் காதில் அவரே மாட்டிவிட்டார். எத்தனை நாளாக உலகம் கோணலாக இருந்ததென்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இது எனக்கு இடைஞ்சலாகிப் போயிற்று. கஞ்சன், கல்நெஞ்சக்காரன் என்று ஒரு கணவனை எழுதிவிட்டால் கதை சுலபம். முன்பின் தெரியாதவன் காதில் கண்ணாடியை அவ்வளவு பதமாக மாட்டுகிற ஆளை எப்படிக் கெட்டவனாக்குவது?

(இனி டீச்சரை 'அவள்' என்று எழுதப்போகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. இனிமேல் கணவரின் கண்வழியாகத்தான் பார்க்கப்போகிறோம். இரண்டு 'அவர்' முட்டிக்கொண்டால் நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள்.)

4

அவளுக்கு இந்த ஆசை ஒரு பள்ளிப் பேருந்தில் வந்தது. போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் வழியில் இப்படியொரு கார் பேருந்தைத் தாண்டிப் போனதாம். ரொம்பப் பெரிதும் இல்லை, சின்னதும் இல்லை. நாலு கதவு, வீட்டு வண்டி மாதிரி அடக்கமான முகம், ஓட்டமோ பந்தயக் குதிரை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "என்னங்க, வண்டி போயிடுச்சு, அப்புறம்தான் சத்தமே வந்துது!" என்றாள். ஓடுகிறவளுக்கு அது புரியும். அவருக்குப் புரியவில்லை. வண்டி என்றால் கடைக்குப் போக, மழையில் நனையாமல் இருக்க. உரிமம் எடுத்து வைத்திருந்தாரே தவிர ஓட்ட பயம். வீட்டின் சின்னக் காரை எப்போதும் அவள்தான் ஓட்டினாள்.

"வாங்கலாம்மா. கடை லோன் முடியட்டும்."

அன்று அவர் அதை மனதாரத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. ஒவ்வொரு தடவையும் மனதாரத்தான் சொன்னார்.

5

ஷோரூமில் நடந்ததற்கு வருகிறேன்.

"புதுசுன்னா புக் பண்ணிட்டு காத்திருக்கணும் மேடம்" என்றார் விற்பனையாளர். "இது யூஸ்டு, ஆனா ஒரே ஓனர். பாவம், அவர் அதிகம் ஓட்டவே இல்ல."

"ஏன், அவரும் ஏதாவது முடியட்டும்னு இருந்தாரா?" என்றாள் அவள். "புதுசு வேணாம்ப்பா. காத்திருந்தது போதும். இதையே காட்டு."

கருநீலக் கார். தரைக்கும் அதற்கும் நடுவே ஒரு தடித்த அகராதி நுழைந்தால் அதிகம்.

"ஏறுங்க மேடம்."

"இதுல எங்கப்பா ஏறுறது? இறங்கித்தான் உக்காரணும்."

இறங்கினாள். கதவைப் பிடித்து, முதுகைத் திருப்பி, கடைசியில் தொப்பென்று. இருக்கையை முன்னே இழுத்தாள், கண்ணாடிகளைச் சரிசெய்தாள், ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார், விற்பனையாளர் பின்னால். வண்டி வாசலைத் தாண்டிப் போனது.

சாலையில் என்ன நடந்ததென்று நான் பார்க்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஊருக்கு வெளியே நேர்ச்சாலை வந்ததும் அவள் காலை அழுத்தினாள். அவருக்கு வயிறு பின்னால் தங்கிவிட்டது. கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "மெதுவா" என்று சொல்ல வாயெடுத்து, திரும்பி அவளைப் பார்த்தார். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. பல் தெரியாத சிரிப்பு. கண் ரோட்டில், மூச்சு உள்ளே. போட்டித் தடத்தில் நின்றபோது அவளுக்கு இந்த முகம்தான் இருந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த முகம். அவர் பார்த்ததே இல்லை.

மடையன், மடையன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கலாம். எவன் மாடி கட்டச் சொன்னான்? அந்த மாடியில் இப்போது பழைய அட்டைப் பெட்டிகள்தான் குடியிருக்கின்றன.

6

திரும்பி வந்தார்கள். இது நான் கண்ணால் பார்த்தது.

விற்பனையாளர் கதவைத் திறந்து நின்றார். அவள் ஒரு காலை வெளியே வைத்தாள், கதவைப் பிடித்தாள், எழுந்தாள். எழவில்லை. இன்னொருமுறை முயன்றாள். "ஒரு நிமிஷம்ப்பா" என்றாள். கணவர் சுற்றி வந்து இரண்டு கையையும் கொடுத்தார். பாதி எழுந்தவள் அப்படியே பொத்தென்று உள்ளே விழுந்தாள். ஒரு கணம் அவள் முகம் சுருங்கியது. உடனே சிரித்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேனே. சீட் நல்லாயிருக்கு."

விற்பனையாளர் நல்ல பிள்ளை. "உயரமான மாடல் ஒண்ணு இருக்கு மேடம். குனியவே வேணாம், அப்படியே ஏறிடலாம்" என்றார்.

"அது வண்டியில்லப்பா, பீரோ. சக்கரம் வெச்ச பீரோ."

கணவர் மட்டும் சிரிக்கவில்லை. மறுபக்கம் போய்க் கதவைத் திறந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். அவளும் காலை உள்ளே இழுத்துத் தன் கதவைச் சாத்தினாள். கண்ணாடி ஏற்றியிருந்தது. இருவரும் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து அத்தான், "வா வா, இங்க ஒண்ணும் சரியில்ல" என்று என் கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டார்.

அந்த மனிதரை நான் மன்னிக்கவே போவதில்லை.

7

இதுவரை எழுதியதை அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"ஏன்டா, அவளுக்குத்தான் மாசாமாசம் சம்பளம் வருதே? வண்டியும் அவதான் ஓட்டறா. அவளே வாங்கிக்க வேண்டியதுதானே? இவன் 'முடியட்டும்'னா இவளும் வாயை மூடிக்கிட்டு இருப்பாளா? நம்பற மாதிரி இல்ல."

நியாயமான கேள்வி. பதிலை எழுதிப் பார்த்தேன்: "அக்காலத்தில் பெண்கள் தங்கள் சம்பாத்தியத்தை—" சீ, கட்டுரைப் போட்டி மாதிரி இருக்கிறது. "அவளுக்குத் துணிவு இல்லாமல்—" தடை தாண்டி ஓடியவளுக்கா? பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அக்காவே கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். "கார் மட்டும் வேணும்னா வாங்கியிருப்பாடா. அவன் வந்து, 'கிளம்பு, வாங்கிட்டு வரலாம்'னு கூப்பிடணும்னு இருந்திருப்பா."

சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்க்காமல் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

8

காருக்குள் என்ன பேசினார்கள்?

முதல் பிரதியில் அவர் "என்னை மன்னிச்சிடு" என்றார். அடித்துவிட்டேன். இப்படிப்பட்ட கணவர்களுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. ரொம்பத் தவித்தால் "தண்ணி குடிக்கிறியா?" என்பார்கள்.

ஆகவே:

"தண்ணி குடிக்கிறியா?"

"வேணாம்."

"வாங்கிடலாம். இன்னிக்கே."

"எதுக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கா, உங்களுக்கா?"

அவர் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்.

"தினம் இதுல உக்காந்து எந்திரிக்க என்னால முடியுமா, சொல்லுங்க."

"நான் தூக்கி விடறேன்."

"நான் ஸ்கூல் வாசல்ல போய் இறங்கறப்போ?"

"நானும் கூடவே வரேன்."

"கடையை யாரு பாப்பா?"

"கடை கிடக்கட்டும்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து 'கடை கிடக்கட்டும்' வந்ததில்லை. வர வேண்டிய நாளில் வந்திருந்தால் அவள் குதித்திருப்பாள். அப்போது குதிக்கவும் முடிந்திருக்கும். ஸ்டீயரிங்கை ஒருமுறை தடவிவிட்டுச் சொன்னாள்:

"வாங்கலாங்க. முதல்ல முட்டி ஆபரேஷன் முடியட்டும்."

ஆபரேஷனுக்குப் பிறகு இப்படித் தாழ்வான இடத்தில் உட்காரவே கூடாது என்று மருத்துவர் சொன்னபோது அவரும் கூடத்தான் இருந்தார். அது அவளுக்கும் தெரியும். அந்தச் சொல்லைத் தான் எவ்வளவு அன்பாகச் சொல்லியிருக்கிறோம், கேட்பவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள் பழிக்குச் சொல்லவில்லை. அவர் சொன்ன மாதிரியே, மனதாரத்தான் சொன்னாள்.

9

முடிவுகள் எழுதிப் பார்க்காமல் இல்லை.

வாங்கி விடுகிறார்கள். கார் உறை போர்த்தி வீட்டு வாசலில் நிற்கிறது. அவர் துடைக்கிறார், அவள் ஜன்னலிலிருந்து "அந்தப் பக்கம் தூசி" என்கிறாள். இது எனக்குப் பிடிக்கவில்லை.

வாங்கவில்லை, சக்கரம் வைத்த பீரோவை வாங்குகிறார்கள். ஒருநாள் சாலையில் ஒரு கருநீலக் கார் அவர்களைத் தாண்டிப் போகிறது, அப்புறம்தான் சத்தம் வருகிறது. இருவரும் வேறு எதையோ பேசுகிறார்கள். இது நடந்தே இருக்கும் என்று தோன்றுகிறது, அதனாலேயே எழுத மனம் வரவில்லை.

மூன்றாவதில் அவளைச் சட்டென்று எழுந்து நிற்க வைத்தேன். பேனா என்னிடம் இருக்கிறது, யார் கேட்பது? ஆனால் முட்டிக்குக் கதை படிக்கத் தெரியாது. கிழித்துப் போட்டேன்.

எந்த முடிவானாலும் முதலில் அவள் அந்தக் காரைவிட்டு இறங்க வேண்டும். நான் கதையை முடித்தால் அவள் இறங்கியாக வேண்டும். இறங்கிவிட்டால், எனக்குத் தெரியும், இனி உட்கார மாட்டாள். அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்:

அவர் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, அவள் கதவைத் திறந்தார். இரண்டு கையையும் நீட்டினார். அவள் ஒரு காலை வெளியே வைத்து, பிறகு மற்றதையும் வைத்து, அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அவசரப்பட்டு இழுக்காதீங்க. நான் சொல்றேன். மூணு சொன்னதும் இழுங்க."

"சரி."

எத்தனையோ பிள்ளைகளைக் கோட்டில் நிறுத்தி ஓடவிட்ட குரல்.

"ஒண்ணு. ரெண்டு."

மூன்றை நான் எழுதவில்லை. அதை நீங்கள் சொல்லுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்கள். சீட் நல்லாயிருக்கிறதாம்.