இரண்டு துண்டுக் கறி

காசிராஜனுக்குக் கறி என்றால் உயிர். ஒரு துண்டை வாயில் போட்டால் போதும், தொடையா நெஞ்சா, கிடாவா பெட்டையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறைகளில் கிடக்கும் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன்கள் தீபாவளிக்குச் சேர்ந்து ஆடு வாங்கினால், அறுத்துக் கூறு போட அவன்தான் வரவேண்டும். அவன் போட்ட கூறில் எனக்கு எலும்பு அதிகம், உனக்கு ஈரல் அதிகம் என்று எவனும் வாய் திறந்ததில்லை. கார் கம்பெனியில் பெயின்ட் அடிக்கிறவனுக்கு அத்தனை மரியாதை வந்தது அந்தக் கத்தியால்தான்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் கல்லீரல் கெட்டுப்போனது. ஒரு சொட்டுச் சாராயம் தொடாத மனுஷன். ஏதோ கிருமியாம், பல வருஷமாக உள்ளேயே இருந்து அரித்திருக்கிறது. "ஆட்டுக்கறி வேண்டாம்மா. பருப்பு, சோயா குடுங்க. சாப்பாடு எறங்குனாத்தான் உடம்பு தேறும்" என்று டாக்டர் அவன் மனைவி மாரிசெல்வியிடம் சொன்னார்.

அவன் பருப்பைத் தொட்டால்தானே. நாலு நாள் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். பாவம், அவள்தான் என்ன செய்வாள்?

அவளுக்கு வடக்குப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அங்கே சோயாவில் கறி செய்கிறார்கள். ஆடு இல்லை, ரத்தம் இல்லை. மாவைப் பிசைந்து, நார்நாராக இழுத்து, கறி நிறத்தில் துண்டு போட்டு, டப்பாவில் அடைத்துப் பெரிய ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். அதை யார்தான் தின்கிறார்களோ, லைனில் நிற்கிற பெண்களில் ஒருத்தியும் ஆசைப்பட்டுத் தின்றதில்லை. மென்றால் நனைந்த அட்டை மாதிரி இருக்கும். மாரிசெல்வி அதில் ஒரு டப்பா வாங்கிவந்தாள். மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தாள். "டாக்டர்ட்ட கேட்டுட்டேன், கறி கொஞ்சம் குடுக்கலாம்னுட்டாரு" என்று வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லித் தட்டில் போட்டாள்.

வீட்டுக்கார லீலாக்காகூட வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "இன்னா மாரி, கறிக் கொழம்பா? வாசன தெருமுன வரைக்கும் வருது."

காசிராஜன் ஒரு துண்டை வாயில் போட்டான். கண்ணை மூடினான். வெகுநேரம் மென்றான்.

"எந்த இடத்துக் கறி பிள்ள?"

"தொட."

தட்டைக் காலி பண்ணினான். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. அவன் சாப்பிட்டான், ஆனால் பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. ஒரு நாள், தன்னோடு வேலை பார்க்கிற மகாராஜாவைக் கூப்பிட்டு, கறி வெட்டுகிற கத்தியை அவன் கையில் கொடுத்து, "இனிமே கூறு நீயே போடு" என்றான். மகாராஜா போனதும் மாரிசெல்வி கேட்டாள்.

"ஏன் கத்தியக் குடுத்திய?"

"எங்கய்யாவுக்கும் இப்படித்தான் பிள்ள. முதல்ல நாக்குல கறி ருசி போச்சு. ஆறாவது மாசம் ஆளே இல்ல. நீ கறி வச்சியே, அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வாயில கறி கெடக்கு, கறின்னே தெரியல. நீ ஆசையா ஆக்குனத ஒதுக்க மனசு வரல, அதான் தின்னேன்."

தேறட்டும் என்று சொன்ன பொய், இரண்டு மாதமாக அவனுக்குச் சாவு நாள் குறித்திருக்கிறது. அவள் அவன் காலடியில் உட்கார்ந்து உண்மையைக் கொட்டினாள்.

"அது கறியே இல்லங்க. சோயா. எங்க கம்பெனியில செய்யது. ஒங்க நாக்கு நல்லாத்தான் இருக்கு."

"என்னத் தேத்துறதுக்காவ ஏதாவது சொல்லாத பிள்ள."

டப்பாவை எடுத்துவந்து காட்டினாள். அதன் மேல் சோயா என்பது இங்கிலீஷில் பொடி எழுத்தாக எங்கோ கிடந்தது, கறிக்குழம்புப் படம்தான் பளபளவென்று இருந்தது. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே கடைக்குப் போனாள். ஒரு துண்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு நல்ல தொடைக்கறி வாங்கினாள். ஒரே மசாலாவில், இரண்டு சட்டியில் ஆக்கினாள். அவன் தட்டில் இரண்டே துண்டு வைத்தாள். வலப்பக்கம் ஆடு, இடப்பக்கம் சோயா.

"கண்ண மூடிக்கிட்டுத் தின்னுங்க. எது கறின்னு சொல்லிட்டா, நான் போய்க் கத்தியத் திரும்ப வாங்கிட்டு வாரேன்."

அவன் முதலில் வலப்பக்கத்துத் துண்டை எடுத்தான். இரண்டு கடி கடித்ததும் முகம் சுளித்து, தட்டோரம் துப்பிவிட்டான். அடுத்ததை எடுத்து மெதுவாக மென்றான். மெல்ல மெல்ல முகம் மலர்ந்தது. மஞ்சள் பூத்த கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"இதான் பிள்ள. இதான் கறி. நீ சொன்னது நெசந்தான் போல. எனக்கு ருசி தெரியுது."

சீக்கு நாக்கைத் தின்றுவிட்டதா, தின்று தின்று சோயாவே கறியாகிவிட்டதா, யாருக்குத் தெரியும். மாரிசெல்வி துப்பிக் கிடந்த தொடைக்கறியைக் கையால் மறைத்து எடுத்துக்கொண்டாள்.

"சரியாச் சொல்லிட்டன்லா?"

"சரியாச் சொல்லிட்டிய."

"அப்பம் போய் வாங்கிட்டு வா. தீபாவளிக்கு நானே கூறு போடுதேன்."

அவள் போனாள். மகாராஜா கத்தியைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "அண்ணன் தேறிட்டாவளா மதினி?" என்று சந்தோஷமாகக் கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினாள். திரும்பி நடக்கத்தான் முடியவில்லை. கத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவன் அறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.