ஐம்பத்தெட்டு வரைக்கும்

1962 டிசம்பர் தொடக்கம். சேந்தமங்கலம் தபால்காரர் சவரிராயனுக்கு மறுவாரம் ஐம்பத்தைந்து வயது முடிகிறது. அத்தோடு வேலையும் முடிகிறது. பிள்ளைகள் மூவரும் இன்னும் பள்ளிக்கூடத்தில். பென்ஷனை வைத்துக்கொண்டு குடும்பத்தை எப்படி ஓட்டுவது என்று மனைவி மரியபுஷ்பம் புலம்பாத நாள் இல்லை.

அன்று மத்தியானம் ராசிபுரம் தபாலாபீசிலிருந்து காளியப்பன் சைக்கிளில் பறந்து வந்தான். சவரிராயன் லீவு போட்டால் பதிலுக்குத் தபால் கொடுப்பவன் அவன். அவர் விலகியதும் அந்த இடம் அவனுக்குத்தான் என்று பேச்சு. அதை நம்பித் தை மாதத்தில் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது.

"ஐயா! நீங்க போக வேண்டாமுங்க! இனி ஐம்பத்தெட்டு வரைக்கும் வேலை பாக்கலாமுங்க. ஆர்டர் வந்திருச்சு!"

மரியபுஷ்பம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். "நெசமாவா சாமி?"

பக்கத்து வீட்டார் கூடிவிட்டார்கள். யாரோ சர்க்கரையை அள்ளி சவரிராயன் வாயில் போட்டார்கள். சிரித்துக்கொண்டே திரும்பியவர் காளியப்பனைப் பார்த்தார். அவனும் சிரித்துக்கொண்டுதான் நின்றான்.

"ஏன்டா, அப்ப உனக்கு?"

"இன்னும் மூணு வருசந்தானுங்க."

வாயிலிருந்த இனிப்பை விழுங்க அவருக்கு நேரமாயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவில் பூசை முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனார். பெண்ணின் அப்பா குழந்தைவேலுக்கு அதற்குள் சேதி எட்டியிருந்தது.

"உங்களுக்கு வேலை நீண்டதுல சந்தோசமுங்க. ஆனா வேலை இல்லாதவனுக்கு எப்படிப் பொண்ணு கொடுக்கறது?"

"பிள்ளைங்க படிப்பு மட்டும் இல்லீன்னா இன்னைக்கே விலகிருவேனுங்க" என்றார் சவரிராயன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

உள்ளிருந்து கல்யாணப் பெண் தங்கமுத்து வந்தாள். காளப்பநாயக்கன்பட்டியில் புதிதாகத் திறந்த பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம்தான் டீச்சராகச் சேர்ந்திருந்தாள்.

"ஏனுங்கப்பா, எனக்குத்தான் வேலை இருக்குதில்லீங்க?"

"பொண்டாட்டி சம்பளத்துல புருசன் சாப்பிடறதா?"

"நம்ம ஊட்டுல இப்ப யாரு சம்பளத்துல சாப்பிடறோமுங்க?"

தோட்டத்துக் கிணறு வற்றியதிலிருந்து அந்த வீட்டில் உலை கொதிப்பது அவள் சம்பளத்தில்தான்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் உங்களுக்குக் கொடுப்பேனுங்கப்பா, பயப்படாதீங்க" என்றவள், காளியப்பன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குச் சம்மதமா? இப்பவே சொல்லுங்க."

"சம்மதமுங்க டீச்சர்!" என்று எழுந்தே நின்றுவிட்டான் அவன். குழந்தைவேலே சிரித்துவிட்டார். மரியபுஷ்பத்திடம் இதைச் சொல்லச் சவரிராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதி தூரம் ஓடினார்.

தையில் கல்யாணம் நடந்தது. காளியப்பனுக்கு வேலை நிரந்தரமாக மூன்று வருடம் ஆனது. அதுவரை பதில் வேலை கிடைக்காத நாட்களில் மனைவியைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டான். முதல் நாள் தெருவே வாசலுக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தது. கூச்சத்தில் அவன் மெதுவாக மிதித்தான்.

பின்னாலிருந்து தங்கமுத்து குடையால் அவன் முதுகில் தட்டினாள்.

"மணியை அடிச்சுட்டு வேகமாப் போங்க. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்குது!"