ஜே. தியாகராசாவின் ஐம்பத்திரண்டு கட்டுரைகள்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் லிப்ட் திறந்தபோது, அண்ணனின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்ற ஒரே வெறிதான் ஜனகாவுக்கு. கிள்ளானிலிருந்து வந்த வழியெல்லாம் அதை அடக்கிப் பார்த்தாள். அடங்கவில்லை.

விஷயம் இதுதான். நமக்கெல்லாம் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரைப் பின்னால் போட்டுக்கொள்கிறோம். ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டும் இணையத்தளத்துக்கு அது தெரியுமா என்ன! டிங்கிக் கொசுவை ஆராயும் ஜனகாவும் பாலத்துக் கான்கிரீட்டை ஆராயும் அண்ணன் ஜெயந்திரனும் அதற்கு ஒரே ஆள்: ஜே. தியாகராசா. அவளுடைய நாற்பத்தொன்றும் அவனுடைய பதினொன்றும் ஒரே பக்கத்தில் போய் விழுந்தன. அந்தப் பக்கம் தன்னுடையது என்று முந்திக்கொண்டு பதிந்தவன் ஜெயந்திரன். கொசுவும் கான்கிரீட்டும் ஒரே மண்டையில் எப்படி என்று ஒருத்தனும் கேட்கவில்லை. பல துறை மேதை என்று கைதட்டினார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

மறுநாள் காலை அவனுக்குப் பேராசிரியர் பதவிக்கு நேர்முகம். அதே காலையில் ஜனகாவின் விரிவுரையாளர் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று கூட்டம். அவளுடைய கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று தளத்தில் பார்த்தால் பூஜ்யம். 'இவை என்னுடையவை அல்ல' என்று அவன் ஒவ்வொன்றிலும் ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் அவளிடம் வந்துவிடும். மூன்று மாதமாகக் கெஞ்சிவிட்டாள்.

அண்ணி மார்க்கிரட் கிரில் கதவைத் திறந்தாள். உள்ளே ஜெயந்திரன் நாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு இன்டர்வியூ முடியட்டும் லா. அப்புறம் பிரிச்சுக்கலாம்."

"நாளைக்கு என் வேலையே போயிடும்ணா!"

"உனக்கு வேற இடம் கிடைக்கும். வீட்டுல ஒரு புரொபசர் இருந்தா உனக்கும் பெருமைதானே?"

பெருமையாம், பெருமை! ஜனகா மேசையிலிருந்த மடிக்கணினியைப் பாய்ந்து எடுத்தாள். அவன் அவள் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, முகத்தை அலமாரியில் மோதினான். உதடு கிழிந்தது. பல்லெல்லாம் ரத்தம். மார்க்கிரட் அலறிக்கொண்டு நடுவில் வந்தாள். அவன் உதறிய உதறலில் சோபாவில் போய் விழுந்தாள். ஜனகா குதிகாலால் அவன் முழங்காலில் உதைத்தாள். பிடி தளர்ந்தது. அடுத்த நொடி இஸ்திரிப்பெட்டி அவள் கையில் இருந்தது.

"தட்டு."

"பைத்தியமாடி உனக்கு?"

சூடான பெட்டியை அவன் கன்னத்துக்கு அருகே கொண்டுபோனாள். மீசை மயிர் பொசுங்கி நாறியது. அவன் அடித்து அழுத்திய பிள்ளைப் பருவம் முழுக்க அவள் ஒருநாளும் திருப்பி அடித்ததில்லை. இன்று அடிக்க அவ்வளவு ஆசையாக இருந்தது, அதுவே அவளைப் பயமுறுத்தியது. "தட்டுடா!" என்று கத்தினாள்.

மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தட்டினான். ஐம்பத்திரண்டு பதினொன்று ஆனது. அந்தப் பதினொன்றையும் மேற்கோள் காட்டியவர்கள் மொத்தம் ஆறே பேர். திரையைப் பார்த்து அவன் முகம் செத்துப்போனது.

ஜனகா தன் கைப்பேசியில் சரிபார்த்தாள். நாற்பத்தொன்றும் அவள் பெயரில் இருந்தன. இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சை அணைத்து வைத்துவிட்டு வெளியேறினாள். வாசலில் செருப்பு மாட்டக் குனிந்து, கிரில் சட்டத்தைப் பிடித்தாள்.

பின்னாலேயே ஓடிவந்த ஜெயந்திரன் அந்தக் கையைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் கிரில் கதவை ஓங்கி அறைந்து சாத்தினான். இரண்டு விரல் எலும்பும் முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

மருத்துவமனைக்குக் காரோட்டி வந்தவள் மார்க்கிரட்தான். அவசரப் பிரிவில் டாக்டர் விரல்களைத் துடைத்தபடியே கேட்டார்.

"எப்படி ஆச்சு? போலீஸ் ரிப்போர்ட் தேவையா?"

"காத்துல கதவு சாத்திக்கிச்சு டாக்டர்," என்றாள் மார்க்கிரட் முந்திக்கொண்டு. பிறகு ஜனகாவின் காதருகே குனிந்தாள். "நாளைக்கு அவருக்கு இன்டர்வியூ, ஜனகா. உன் அண்ணன்மா. உனக்குத்தான் எல்லாம் கிடைச்சிடுச்சே."

வலியில் ஜனகாவுக்குக் கண் இருட்டியது. கிழிந்த உதட்டைத் திறந்து பேசுவதே கஷ்டமாக இருந்தது.

"காத்து இல்ல டாக்டர். செஞ்சவன் பேரத்தான் போடணும். ஜெயந்திரன். எங்கூடப் பொறந்தவன். எழுதுங்க."